சிவப்புக் கால் வடக்கில்

ஜூன் 24

வந்ததிலிருந்து இருட்டையே பார்க்கவில்லை. சூரியன் கீழே இறங்குகிறது, எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த ஆள் போலத் திரும்பி ஏறிவிடுகிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை இருக்கிறது. ஆனாலும் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் நுழைந்து நேராக என் கண்ணில் விழுகிறது. கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். கோடும் நகர்ந்தது. தூக்கம் வராததால்தான் எழுத ஆரம்பிக்கிறேன்.

இது நார்வேயின் வடகோடி. மரமே இல்லாத சதுப்பு வெளி. ஸ்வார்ட்மிர் என்று பெயர். கறுப்புச் சதுப்பு என்று அர்த்தமாம். ஆய்வு நிலையம் என்றதும் பெரிய கட்டடமாக நினைத்திருந்தேன். மூன்று மர வீடுகள், ஒரு ஜெனரேட்டர், ஒரு சமையலறை, அவ்வளவுதான். இந்தக் கோடையில் இங்கே இருப்பது நானும் ஆரணி அக்காவும் மட்டும்.

அக்கா இங்கேயே, கடலோர மீன்பிடி ஊர் ஒன்றில் பிறந்தவள். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். இந்த நிலையத்துக்கு அவளும் புதுசுதான். என் பெயரைக் கேட்ட அன்றே ஆரம்பித்துவிட்டாள்.

"ராஜகுமாரியோ? உண்மையாவே? அப்ப அரண்மனையைக் காட்டுறன், வாரும். கக்கூஸ் வெளியில இருக்கு."

எனக்கு நான்கு மாத வேலை. முதல் சில வாரம் நகரத்தில், பல்கலைக்கழகத்தில் இருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் பேராசிரியர் மாரிட் முடிவு சொல்வார். அவருக்குப் பிடித்தால் மூன்று வருட ஆய்வு இடம். இல்லாவிட்டால் டிக்கெட் போட்டு நெய்வேலி. அம்மாவிடம் நான்கு மாதம் என்றுதான் சொன்னேன். அம்மா அதை 'பாப்பாவுக்கு வேலை கிடைச்சாச்சு' என்று எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

ஜூன் 27

இன்று வேலையைக் காட்டினாள்.

சதுப்புக்கு நடுவே மேடுகள் இருக்கின்றன. மேட்டின் வயிற்றில் ஐஸ். அதுதான் மேட்டைத் தூக்கி நிறுத்துகிறது. கோடையில் மேல்மண் முழங்கால் ஆழத்துக்கு இளகும், அதற்குக் கீழே எப்போதும் உறைந்தே இருக்கும். ஆயிரக்கணக்கான வருடத்துச் செடிகள் அதற்குள் மக்காமல் கிடக்கின்றன. இளகினால் மக்கும், மக்கினால் வாயுவாகிக் காற்றில் போகும். மேட்டில் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அளக்கிறார்கள். இது அளக்கும் வருடம்.

அளக்கிற சட்டம் அப்படியே நம் கயிற்றுக் கட்டில். அலுமினியத்தில் நான்கு கால், குறுக்கும் நெடுக்கும் நூல். நான் கட்டில் என்றதும் அக்கா சிரித்தாள். இப்போது அவளும் கட்டில் என்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் நான்கு இரும்பு முளைகள் அடித்திருக்கின்றன, கட்டிலின் கால்கள் அவற்றின் மேல் உட்கார வேண்டும். நூல்கள் சந்திக்கிற ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நீளக் கம்பியை இறக்க வேண்டும். கம்பி நுனி எதைத் தொடுகிறதோ, அந்தச் செடியின் பெயரை ஒருத்தி கூப்பிட, மற்றவள் எழுத வேண்டும். குட்டை பிர்ச், பஞ்சுப்புல், பாசி, பாசி, பாசி.

கட்டிலின் ஒரு காலுக்குச் சிவப்பு அடித்திருக்கிறது. அது வடக்கு முளையில் நிற்க வேண்டும். வைப்பவள் "சிவப்பு வடக்கில்!" என்று கத்த வேண்டும். எதிரே நிற்பவள் பார்த்துவிட்டு அதையே திருப்பிக் கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் கம்பி. இது மாரிட் போட்ட சட்டம். ஆரம்ப காலத்தில் யாரோ தலைகீழாக வைத்து ஒரு வருட வேலை வீணானதாம். யார் என்று மட்டும் சொல்ல மாட்டாராம்.

"கத்துவீரோ?" என்று கேட்டாள்.

"கத்துறேன்க்கா."

"இதுவே கேக்கேல்லை."

ஒரு மண் துண்டை வெட்டி என் கையில் வைத்தாள். ஈரமான பழுப்பு. அப்பாவின் வேலைச் சட்டையை ஊறவைத்த வாளியில் நிற்கும் தண்ணீரின் நிறம். அப்பா பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் ஒப்பந்தக் கூலி என்று சொன்னேன்.

"அப்ப உமக்கு இது சொந்தம்தான்" என்றாள். "இது கரியாகிறதுக்கு மறந்துபோன கரி."

ஜூன் 29

காலுறை காயவில்லை. நேற்றையதும் காயவில்லை.

ஜூலை 3

தம்பி புகழேந்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். எங்கள் தெருமுனை டீக்கடைக்கு மேலே ஃப்ளெக்ஸ். என் கல்லூரி அடையாள அட்டைப் படம், பக்கத்தில் வாயைப் பிளந்த பனிக்கரடி. 'வடதுருவம் வென்ற எங்கள் ராஜகுமாரியே!' கீழே பதினைந்து பேரின் தலைகள். அதில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது.

"இங்க கரடியே கிடையாதுடா."

"அது எங்களுக்குத் தெரியுமா? கடைக்காரரு கரடி ஃப்ரீன்னாரு."

"கழட்டச் சொல்லு."

"அப்பா தினமும் ஷிப்ட் முடிஞ்சு அது கீழதான் டீ குடிக்கிறாரு. நீ வேணா சொல்லிப் பாரு."

சொல்லவில்லை. அக்காவுக்குப் படத்தைக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

ஜூலை 9

மாரிட்டோடு வீடியோவில் பேசினோம். இடுப்பு அறுவை சிகிச்சை ஆனதால் இந்தக் கோடையில் அவர் வரவில்லை. நகரத்தில், பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அம்மாவைவிட வயது அதிகம். 'மாரிட்' என்றே கூப்பிடு என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மேடம் என்றால் சிரிக்கிறார். பெயர் சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை. நகரத்தில் இருந்தபோது ஏதாவது கேட்க வேண்டுமானால் பக்கத்தில் போய் நின்று, அவர் தானாகத் திரும்பும் வரை காத்திருப்பேன். வீடியோவில் அதற்கும் வழியில்லை. கடைசிவரை எதுவும் கேட்கவில்லை.

"அந்த மேடுகளில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்" என்றார். இருபத்தைந்து கோடை நடந்திருக்கிறாராம்.

ஜூலை 17

பதினேழாம் கட்டில். அதாவது கட்டில் வைக்கிற பதினேழாவது இடம், குளத்தை ஒட்டிய கடைசி இடம். மழை. மழையில் கொசு வராது என்று நினைத்தேன். வலைத் தொப்பிக்குள்ளேயே நான்கைந்து பாடிக்கொண்டிருந்தன. அக்கா நுளம்பு என்கிறாள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் கடிக்கிறது.

நடைபாதைப் பலகைகள் அங்கே உள்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வழுக்கியது. நான் கட்டிலை வைத்தேன். காற்றை மீறிக் கத்த வேண்டும். வாயைத் திறந்தால் கொசு. கையைத் தூக்கிக் காட்டினேன். அக்கா மழைக்காகக் குனிந்திருந்தாள், தலையை ஆட்டினாள் என்று நினைக்கிறேன். கம்பியை இறக்க ஆரம்பித்தோம்.

கடைசியில் மண் ஆழம் பார்ப்பது என் வேலை. கைப்பிடி வைத்த இரும்புக் கம்பியைக் குத்தினால், உறைந்த மண்ணில் 'டக்' என்று நிற்கும். கட்டிலின் நடுவே குத்தினேன். நிற்கவில்லை. இட்லி மாவில் கரண்டி போவது மாதிரி கைப்பிடி வரை இறங்கிவிட்டது. நான் பிடித்த விதம் சரியில்லை போல. ஏதோ பொந்தில் விட்டிருப்பேன். ஓரமாகத் தள்ளி இன்னொரு இடத்தில் குத்தினேன். முழங்கால் ஆழத்தில் டக். அதை எழுதிக்கொண்டேன்.

கம்பியை உருவிய துளையிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. அழுகிய முட்டை வாசனை.

ஜூலை 20

அக்காவின் அம்மா சாமான் வண்டியில் கறித்தூளும் கருவாடும் கொடுத்து அனுப்பியிருந்தார். அக்கா குழம்பு வைத்தாள், நான் சோறு வடித்தேன். வீடு முழுக்க வாசனை. இங்கே வந்து முதல் முறையாக இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் பேசினேன். கத்திரி முடிந்து எத்தனை நாளாயிற்று, இன்னும் அனல் குறையவில்லையாம். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் மாற்றிவிட்டார்களாம்.

"ஏம்மா திடீர்னு?"

"பகல்ல பெல்ட்டுகிட்ட நிக்க முடியலையாம். ஒருநாள் லேசா தலை சுத்திடுச்சு. ஒண்ணுமில்ல பாப்பா. மோர் குடுத்தேன், சரியாப் போச்சு. நீ அங்க குளிருக்குக் காதை மூடிக்க."

இன்று இங்கே இருபத்தாறு டிகிரி. அரைக்கைச் சட்டையோடுதான் சுற்றினேன். அம்மாவிடம், "மூடிக்கிறேம்மா" என்றேன்.

ஜூலை 23

தூக்கமில்லை. கோடு இன்னும் கண்ணில்தான் விழுகிறது. அட்டை வைத்து மறைத்தேன், அட்டையே பளபளக்கிறது.

ஜூலை 29

மாரிட் கூப்பிட்டார். பதினேழாம் கட்டிலின் கணக்கு சரியாக இல்லையாம்.

ஐந்து வருடத்துக்கு முன் பஞ்சுப்புல் தெற்கு வரிசைகளில், அதாவது குளத்துப் பக்கம் இருந்தது. அதற்கு ஈரம் வேண்டும். வடக்கே, மேட்டின் உள்பக்கம், காய்ந்த இடம். அங்கே குட்டை பிர்ச்சும் கருங்கனிச் செடியும் மட்டும். நாங்கள் அனுப்பியதில் அப்படியே மாறியிருக்கிறது. பஞ்சுப்புல் வடக்கே, பிர்ச் தெற்கே.

"கட்டிலைத் திருப்பி வைத்தால்தான் இப்படி வரும்" என்றார். கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சிவப்பு வடக்கில் சொன்னீர்களா?"

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.

"சொன்னோம்" என்றாள். "இரண்டு பேரும்."

"நல்லது. அப்படியானால் பழைய ஆள்தான் திருப்பி வைத்திருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய கணக்கை நீக்கிவிடுகிறேன்."

போனை வைத்த பிறகு அக்கா பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அது என் முறை.

ஜூலை 30

ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். கட்டில், மழை, என் கை மேலே போகிறது. சிவப்புக் கால் எங்கே? சில சமயம் வடக்கே தெரிகிறது. அடுத்த நிமிடம் தெற்கே. நினைக்க நினைக்கக் கட்டில் சுழல்கிறது.

பள்ளியில் வருகைப் பதிவெடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று நான் சொன்னது ஆசிரியருக்குக் கேட்காமல், வந்த நாட்களிலும் ஆப்சென்ட் வாங்கியவள் நான். அதனால் எனக்கு மட்டும்தான் நஷ்டம் என்று இருந்தேன்.

நான் சொன்னால் அக்கா பொய் சொன்னது தெரியும். என் மூன்று வருடமும் போகும். சொல்லாவிட்டால், யாரோ ஒழுங்காக எடுத்த கணக்கு குப்பைக்குப் போகும்.

துணி துவைத்தேன். காய்ந்ததையும் சேர்த்துத் துவைத்தேன்.

ஆகஸ்ட் 1

காலை ரொட்டி சாப்பிடும்போது சொன்னேன். "அக்கா, அன்னிக்கு நான் கத்தல. கையத்தான் தூக்கினேன்."

அவள் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"ஒரு நாளும் நீர் கத்தினதில்லை. நான் எட்டிப் பாத்துத்தான் திருப்பிச் சொல்லுறனான். அண்டைக்கு மழை. நான் பாக்கேல்லை." கத்தியை வைத்தாள். "கையைத் தூக்கினா எனக்கென்ன முதுகிலையோ கண் இருக்கு? இவ்வளவு படிச்சு, இவ்வளவு தூரம் வந்து, நாலு சொல்லுக் கத்த ஏலாதோ உனக்கு?"

உனக்கு. இதுவரை நீர், உமக்கு என்றுதான் பேசினாள்.

"நீ ஏன்க்கா சொன்னோம்னு சொன்ன?"

ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "உன்ர மூஞ்சியைப் பாத்தன். என்ர அம்மா பாக்டரியில மேலாளருக்கு முன்னால நிக்கேக்க அப்பிடித்தான் இருக்கும். வாயில வந்திட்டுது."

இரண்டு பேருமாக மாரிட்டைக் கூப்பிட்டோம். நான்தான் பேசினேன். ஆங்கிலம் உடைந்தது, உடைந்த துண்டுகளாகவே சொன்னேன். அக்கா குறுக்கிட்டு, பொய் தன்னுடையது என்றாள். மாரிட் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மறுபடி அளந்து அனுப்புங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்."

பிறகு அம்மாவையும் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று. "அம்மா, எனக்கு வேலை இன்னும் கிடைக்கல. நாலு மாசம்தான். இனிமே கிடைக்குமான்னும் தெரியல."

"ஃப்ளெக்ஸ் வெச்சாச்சேடி" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 3

வெயில், காற்றில்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனோம். போகும் வழியெல்லாம் மனதுக்குள் ஒரே எண்ணம்: தலைகீழாக வைத்திருக்க வேண்டும், நான்தான் தப்பு செய்திருக்க வேண்டும். தப்பு என்றால் திருத்திக்கொள்ளலாம். பழைய கணக்கும் பிழைக்கும்.

சிவப்புக் காலை வடக்கு முளையில் வைத்தேன். திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன். மூச்சை இழுத்து, "சிவப்பு வடக்கில்!"

என் குரலா என்று எனக்கே சந்தேகம். தூரத்தில் ஒரு பறவை எழுந்து போனது.

"அட ராஜகுமாரி!" என்றாள் அக்கா. "சிவப்பு வடக்கில்!"

வடக்கு வரிசையில் முதல் கம்பியை இறக்கினாள். பஞ்சுப்புல். அடுத்தது. பஞ்சுப்புல். மூன்றாவது, தண்ணீர். நான்காவது, பஞ்சுப்புல்.

அவள் நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் சிவப்புக் காலையே பார்த்தோம். அது வடக்கில்தான் இருந்தது.

முழுவதும் முடித்தோம். போன முறை எழுதியதே வந்தது. நான் அன்றைக்குச் சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

"அப்ப பழைய ஆள்தான் திருப்பி வைச்சவர்" என்றாள் அக்கா. "விடு. தப்பிச்சாய்."

நான் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வழுக்கிய அந்தச் சாய்வு. பலகை குளத்துப் பக்கம் சாய்ந்தால் நியாயம், அங்கேதான் சரிவு. இது மேட்டின் உள்ளே சாய்ந்திருக்கிறது. இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய், அன்றைக்கு முதலில் குத்திய அதே நடு இடத்தில் குத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. இன்னும் வடக்கே. இறங்கியது. கையை எடுத்தால் கம்பி தானாகவே போய்விடும் போல இருந்தது. குளத்துப் பக்க ஓரத்தில் குத்தினேன். டக்.

"அக்கா, இங்க மேடு இல்ல."

"என்ன?"

"ஓரம் மட்டும்தான் நிக்குது. நடுவுல ஐஸ் கரைஞ்சு உள்ள உட்கார்ந்திடுச்சு. தண்ணி வெளியிலேர்ந்து உள்ள வந்திருக்கு. அதான் பஞ்சுப்புல் இந்தப் பக்கம், காய்ஞ்சுபோன ஓரத்துல பிர்ச். பழைய ஆளு திருப்பி வைக்கலக்கா. நாமளும் வைக்கல. நிலம்தான்…"

அன்றைக்குக் குத்தியதையும் சொன்னேன். கம்பி இறங்கிக்கொண்டே போனதும், நான் என்னை நம்பாமல் நகர்ந்து வந்து, நிற்கிற இடமாகப் பார்த்துக் குத்தி அதை எழுதியதும். கட்டில் விஷயத்தில் தப்பே செய்யாமல் தப்பு என்று நினைத்தேன். கம்பி விஷயத்தில் தப்பு செய்துவிட்டுச் சரி என்று நினைத்திருக்கிறேன்.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கு முன்னால் பஞ்சுப்புல்லின் வெள்ளைத் தலைகள் அசைந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடியிலிருந்து குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

ஆகஸ்ட் 4

தலைகீழாகவே வைத்திருந்திருக்கலாம். தப்பு என்னோடு முடிந்திருக்கும்.

ஆகஸ்ட் 8

மாரிட்டுக்கு எல்லாம் அனுப்பிவிட்டோம். கம்பியைப் பற்றியும் எழுதினேன். பதில், ஒரே வரி: 'நான் வருகிறேன்.'

அக்கா மற்றக் கட்டில்களையும் கம்பியால் குத்திப் பார்க்கச் சொன்னாள். பதினைந்தும் பதினாறும் நடுவில் மெத்தென்று இருக்கின்றன. கம்பி இன்னும் நிற்கிறது, ஆனால் ஆழத்தில். குத்தும்போது 'டக்' வருமா வருமா என்று காது கம்பியிலேயே இருக்கிறது. வந்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர்கிறேன்.

பழைய பாட்டரிகளைப் பிரித்து வைத்தேன். ஜன்னல் துடைத்தேன். உட்கார முடியவில்லை.

ஆகஸ்ட் 14

மாரிட் ஊன்றுகோலோடு வந்தார். நகரத்தில் பார்த்ததைவிடச் சின்னவராகத் தெரிந்தார். காபிகூடக் குடிக்கவில்லை, பூட்ஸை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பலகை வழியாகப் போகலாம் என்று அக்கா சொன்னாள். அவர் கையை ஆட்டிவிட்டு, பலகைக்கு இடப்பக்கம் இறங்கி மேட்டின் மேலாக நடந்தார். பலகை போடுவதற்கு முன்பிருந்தே அவர் நடந்த வழி. அவர் கால்களுக்கு அதுதான் தெரியும். அவர் உட்காருவதற்காக அக்கா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெகு பின்னால் வந்தாள். நான் நடுவில்.

பதினாறைத் தாண்டினார். முன்னால் பச்சைப் பாசி, சமமாக, கம்பளம் விரித்தது போல. அடியில் என்ன இருக்கிறது என்று கம்பியைக் குத்திய எனக்குத் தெரியும். அவர் நடை குறையவில்லை. பழகிய வீட்டில் நடப்பவர் போலப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்று, திரும்பும் வரை காத்திருக்க நேரமில்லை.

"மாரிட்! நில்லு!"

தமிழிலேயே வந்துவிட்டது. 'நில்லுங்க' கூட இல்லை.

நின்றார். ஒரு கால் தூக்கியபடி. ஊன்றுகோலை முன்னால் ஊன்றிப் பார்த்தார். அது பாதிக்கு மேல் உள்ளே போனது. மெதுவாகக் காலைப் பின்னால் வைத்தார். நான் போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்கே உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடுவோம்" என்றார் ஆங்கிலத்தில். "இங்கேதான் காய்ந்திருக்கும்."

பலகையில் ஏற்றிக் கூட்டிப்போனோம். பதினேழாம் கட்டிலின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு இரும்புக் கம்பியை என்னிடம் கேட்டு வாங்கி, தானே குத்தினார். கைப்பிடி பாசியைத் தொட்டது. எடுத்தார், துடைத்தார், மறுபடி குத்தினார்.

வரும் வழியில், "ஆரம்பத்தில் கட்டிலைத் திருப்பி வைத்த ஆள் நான்தான்" என்றார். அக்கா முக்காலியைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 15

மாரிட் கிளம்புமுன் என்னை மட்டும் சமையலறைக்குக் கூப்பிட்டார். மூன்று வருட ஆய்வின் தலைப்பு, மேட்டில் செடிகள் எப்படி மாறுகின்றன என்பது. மேடுகளே போக ஆரம்பித்துவிட்டன, அதனால் அந்த ஆய்வும் போய்விட்டது என்றார். தலையை ஆட்டினேன். டிக்கெட் விலை ஞாபகம் வந்தது.

"தலைப்பை மாற்றி எழுத வேண்டும். மேடு எப்படிப் போகிறது என்று. பதினைந்தும் பதினாறும் இன்னும் நிற்கின்றன. அவை விழும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "கம்பி நிற்காத இடத்தில் நிற்கவில்லை என்றே எழுதுகிற ஆள் எனக்கு வேண்டும். நீ ஒரு முறை அப்படி எழுதவில்லை. மறுபடி செய்வாயா?"

"மாட்டேன்."

"கேட்கவில்லை."

"மாட்டேன், மாரிட்."

"சரி. இடம் உன்னுடையது."

சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிகிறது. அது வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே வரவில்லை. ஒரு மேடு விழுந்ததால் கிடைத்த வேலை. இன்னும் இரண்டு விழுவதைப் பார்ப்பதுதான் வேலை.

அக்கா என் தோளில் ஒரு அடி அடித்து, "பாயாசம் வைக்கட்டோ?" என்றாள். சேமியா இல்லை. மக்ரோனியில் வைத்தாள்.

ஆகஸ்ட் 24

இப்போது இருட்டு வருகிறது. முதல் முறை நட்சத்திரம் பார்த்தேன். நன்றாகத் தூங்கலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். தூங்கவில்லை. பதினாறில் எப்போது தண்ணீர் வரும் என்று படுத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 27

ஞாயிறு. வீட்டில் வீடியோவில் பேசினேன். புகழேந்தி புது ஃப்ளெக்ஸ் போடப் போகிறானாம், மூன்று வருடம் என்பதால் பெரிய சைஸ்.

"கரடி வேண்டாம்டா. நான் படம் அனுப்புறேன்."

பதினேழாம் கட்டிலின் படத்தை அனுப்பினேன். பஞ்சுப்புல், தேங்கிய தண்ணீர், நடுவே சாய்ந்த ஒரு முளை. மற்ற முளைகள் இந்த மூன்று வாரத்தில் உள்ளே போய்விட்டன.

"என்னக்கா இது? நம்ம சுரங்கத்துக்குப் பின்னால தண்ணி நிக்குமே, அந்தக் குட்டை மாதிரி இருக்கு. இதப் பாக்கவா அவ்வளவு தூரம் போன?"

"ஆமா."

"ஐஸ் எங்க?"

"அடியில இருந்துச்சு."

அப்பா ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொடியிலிருந்து பழுப்புச் சட்டையை எடுத்துப் போட்டபடியே வந்து போனை வாங்கினார். முகம் இளைத்திருந்தது. நெற்றியில் வியர்வை, அந்த நேரத்திலும். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அடியில இருந்த ஐஸ் எங்கம்மா போச்சு?"

மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "சத்தமாச் சொல்லு, கேக்கல" என்றார்.

சொன்னேன். சத்தமாக, ஒவ்வொன்றாக. மண் இளகுவதை, செடி இடம் மாறுவதை, குமிழியை. காற்று ஏன் சூடாகிறது என்ற இடம் வந்தபோது குரல் தானாக இறங்கியது. மறுபடி ஏற்றிக்கொண்டு அதையும் சொன்னேன். கரி எரிப்பதையும் சேர்த்துத்தான். அப்பா சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி கேட்டார். அம்மா டிபன் டப்பாவோடு பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

கடைசிப் பொத்தானைப் போட அவருக்கு நேரம் ஆனது.

"அப்ப," என்றார், "அங்கயும் வெயில்தானாம்மா?"

"ஆமாம்பா."